அந்த 'நெவர்' என்னுடையது

மார்ச் 4, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பேசினால் வேறென்ன ஆகும். உப்புத்தண்ணீரில் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொழிலாளர் விசாரணை மன்றத்தில் புது வழக்கு. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடம். போர்வைகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போடும் பெரிய மெஷின் ஒன்று அங்கே இருக்கிறது. கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச். டிசம்பரில் ஒரு காலை அந்த சுவிட்சை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். துணியை உள்ளே விட்டுக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் வெந்துவிட்டன. மறுமுனையில் போர்வை மடிக்கிறவள்தான் அணைத்தாள் என்று சொல்லி அவளை வேலையை விட்டுத் துரத்திவிட்டது கம்பெனி. அவள் வழக்குப் போட்டிருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது, மன்றத்துக்குத் தமிழ் வராது. நடுவில் நான்.

பெயர்களை எழுதக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. மடிப்புக்காரி என்று வைத்துக்கொள்கிறேன். பொருத்தம்தான். மேஜையில் கிடந்த காகிதத்தை நாலாய் மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தாள். தனக்கு அது தெரியவே இல்லை.

"வேலை போனா போகுதுங்க. வெந்தது என் சிநேகிதி கை. ஒரே டப்பால சாப்பிட்டவங்க நாங்க. நான்தான் பண்ணினேன்னு அவளும் நம்பிட்டா. டிசம்பர்லேருந்து பேசல." இதை மொழிபெயர்க்கும்போது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆகக் கூடாது. அவள் 'நான்' என்றால் நான் 'ஐ' என்பேன், அவ்வளவுதான் நான்.

அப்புறம் முக்கியமான கேள்வி. அவள் பக்கம் பேச வந்த சங்கத்துக்காரர் கேட்டார்: அன்று காலை சுவிட்சைத் தொட்டீர்களா?

"ஐயோ, தொடவே இல்லைங்க."

குரல் உடைந்துவிட்டது. 'ஐ டிடின்ட் டச் இட்' என்று சொல்லியிருக்கலாம். சப்பென்று இருந்திருக்கும். பால் வாங்கிட்டு வந்தியா, இல்ல, வாங்கல என்கிற மாதிரி. அவள் அப்படிச் சொல்லவில்லையே. 'ஐ நெவர் டச்டு இட்' என்றேன். அந்த 'நெவர்' அவள் குரல் உடைந்த அதே இடத்தில் விழுந்தது. மன்றத்தின் தலைவர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

இன்றைக்கு நன்றாகச் செய்தேன். வேறு யாரும் சொல்லப் போவதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

கம்பெனி வக்கீலுக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டேன். சட்டை, கோட்டு, முகம், மூன்றிலும் ஒரு சுருக்கம் கிடையாது. நான் பதில் சொன்னதும் என்னவோ குறித்துக்கொண்டு அடியில் கோடு போட்டார். இரண்டு கோடு.

மார்ச் 5, புதன்

தொண்டை தேவலை. என் வீட்டுக்காரர், இவர் ஓட்டுகிற பஸ்ஸில் பிரேக் சரியில்லையாம். புகார்த் தாளில் இங்கிலீஷில் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். "பிடிக்கலையா, பிடிக்க மாட்டேங்குதா?" என்றேன். "பிடிக்கல வேற, பிடிக்க மாட்டேங்குது வேறயா? ரெண்டுலயும் சாகப்போறது நான்தானே" என்கிறார். மனுஷனோடு எப்படிப் பேசுவது.

மார்ச் 6, வியாழன்

நாசம்.

எழுதியே தீருவேன்.

இன்று இஸ்திரி குறுக்கு விசாரணை. எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார், ரொம்பப் பதவிசாக ஆரம்பித்தார். "செவ்வாய்க்கிழமை நீங்கள் சொன்னீர்கள், 'ஐ நெவர் டச்டு இட்'. நெவர். சரிதானே?"

நான் இதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். "'தொட்டதே இல்லை'ன்னு செவ்வாய்க்கிழமை சொன்னீங்க. சரிதானே?"

என் வாயிலிருந்து அது வெளியே வந்த அந்த நொடியே தெரிந்துவிட்டது.

அவள் சொன்னது 'தொடவே இல்லை'. நான் இப்போது திருப்பிக் கொடுத்தது 'தொட்டதே இல்லை'. போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று. நடுவில் இருந்தவள் யார்? நான்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "நான் அப்படிச் சொல்லலையே!"

"ஐ டிடின்ட் சே தட்" என்றேன். வேறென்ன சொல்வது? அவள் கடைசியில் போட்ட அந்த ஏகாரம், 'என்னங்க இது அநியாயம்' என்று கையைப் பிடித்து இழுக்கிற ஏகாரம், அது இங்கிலீஷுக்குள் போகவே இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டது. இஸ்திரிக்குக் கொண்டாட்டம். "சொன்னீர்கள். பதிவில் இருக்கிறது" என்றார்.

பிறகு வீடியோ. நவம்பர் மாதத்தது, விபத்துக்கு முந்தின மாதம். மடிப்புக்காரி ஒரு ஸ்டூலில் ஏறி நிற்கிறாள். ஒரு கையில் துணி. இன்னொரு கை சுவிட்ச் மேல். "இது யார் கை?"

"என் கைதாங்க. அது சுத்தம் பண்றதுக்கு..."

"தொட்டதே இல்லை என்றவரின் கை. நன்றி. வேறு கேள்வி இல்லை."

சங்கத்துக்காரர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். அவர் காதில் விழுந்ததும் என் 'நெவர்' தானே. தலைவர் அம்மா மடிப்புக்காரியைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. செவ்வாயன்று நிமிர்ந்து பார்த்தாரே, அதே கண்தான். இன்று அதில் ஒன்றும் இல்லை. அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றாள். சாட்சியோடு வெளியில் பேசக் கூடாது என்பது விதி. முகத்தைத் திருப்பிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். என்ன நினைத்திருப்பாள்? நம்ம பாஷைக்காரி, நம்மைக் கவுத்துட்டு முகத்தையும் திருப்பிக்கிட்டா. வேறென்ன நினைப்பாள்.

நுணல் தன் வாயால் கெடும். நான் அதைவிடக் கேடுகெட்டவள், அடுத்தவள் வாயைக் கெடுத்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

மொழிபெயர்ப்பாளர் அமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்தேன். எங்களை மன்றங்களுக்கு அனுப்புகிறவர் அவர்தான். நடந்ததைச் சொல்லி, செவ்வாயன்று திருத்தம் கேட்கப் போகிறேன் என்றேன்.

"அம்மா, நீங்க ஒரு குழாய். தண்ணி வரும், போகும். குழாய் பேசுமா?"

"குழாயில ஓட்டை இருந்தா?"

"அதே நிமிஷம் திருத்தியிருக்கணும். வீடியோ காட்டின பிறகு திருத்தினா என்ன சொல்வாங்க? ஒரே பாஷைக்காரங்க, ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. உங்க பேரும் போகும், எங்க பேரும் போகும். நெவர்னு சொன்னது தப்பில்லையே?"

"தப்பில்ல."

"அப்ப சரிதானே?"

தப்பில்லை என்றால் சரியா? இந்தக் கேள்வியை வைத்தே பத்து வருஷமாகச் சோறு தின்கிறேன், என்னிடமே கேட்கிறார். பிடிக்கலையா என்றால் 'பிடிக்கலைன்னு இல்ல' என்கிறோமே, அதற்குப் பிடித்திருக்கிறது என்றா அர்த்தம்?

பேசாமல் இருங்கள் என்று மறுபடி சொல்லிவிட்டு வைத்தார். இருப்பதாக நான் சொல்லவில்லை. இருக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. 'ம்' என்றேன்.

மார்ச் 8, சனி

காலையிலிருந்து துணி காயப்போட்டுக்கொண்டே யோசனை. யோசனை என்ன, சண்டை. இஸ்திரியோடும் என்னோடும்.

தொடல என்றால் தொடல. அன்றைக்கு. சாதாரணம்.

தொடவே இல்ல என்றாலும் அன்றைக்குத்தான். ஆனால் கிட்டக்கூடப் போகல, சத்தியமா, நம்புங்க.

தொட்டதே இல்ல என்றால் கதையே வேறு. பிறந்ததிலிருந்து, ஒரு நாளும், எப்போதும்.

ஒரே 'ஏ'. அது எங்கே ஒட்டுகிறது என்பதில் ஒருத்தியின் ஆயுசே அடங்கிவிட்டது. பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தமிழில் இந்த இரண்டும் குழம்பாது. "சாப்பிடவே இல்ல" என்று சொல்லும் குழந்தையை, நேற்று சாப்பிட்டாயே பொய்க்காரி என்று யாராவது அடிப்பார்களா?

இங்கிலீஷில் 'நெவர்' இந்த இரண்டு வேலையையும் பார்க்கும். தெருவில் பேசுகிறவன் 'ஐ நெவர் டச்டு இட்' என்றால் அன்றைக்கு, அந்தத் தடவை என்றுதான் பொருள். கோர்ட்டுக்குப் போனால் அதே வார்த்தைக்குக் கோட்டு மாட்டிவிட்டு, வாழ்நாள் முழுக்க என்று ஆக்கிவிடலாம். 'டிடின்ட் டச் இட் அட் ஆல்' என்று சொல்லியிருந்தால் அழுத்தமும் இருந்திருக்கும், அன்றைய தேதியும் இருந்திருக்கும். 'டிட் நாட்' என்று அந்த 'நாட்'டைத் தனியாக நிறுத்திச் சொல்லியிருந்தாலும் போதும். எனக்குத் தெரியாததா? தெரியும். அழகாக இருந்தது என்று 'நெவரை' எடுத்தேன். அன்றைக்கு இந்த நோட்டில் என்னை நானே மெச்சிக்கொண்டு வேறு வைத்திருக்கிறேன். போய்ப் படித்தேன். பத்திக்கிட்டு வந்தது.

இவர் பக்கத்தில் வந்து நின்று ஒரு சட்டையை உதறிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீ சொன்ன வார்த்தைக்கு அவ பொய்க்காரி ஆயிட்டா."

"ஆமா."

"வாயை வாடகைக்கு விட்டிருக்கேன்னு நீதானே சொல்லுவே. வாடகை வீடு இடிஞ்சு குடியிருக்கறவ தலையில விழுந்தா, வீட்டுக்காரி வேடிக்கை பாக்கறதா?"

"பேசினா இனிமே கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட மாட்டாங்களா, கூப்பிடவே மாட்டாங்களா?" என்றார். சிரிக்காமல் கேட்டார், அதனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத் துண்டால் ஒன்று போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

தொழில் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தவறு தெரிந்தவுடன் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் கடமை என்று போட்டிருக்கிறது. தெரிந்தவுடன். எனக்குத் தெரிந்தது வியாழக்கிழமை, மன்றத்தின் நடுவில். அப்போதே எழுந்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். சரி, பயந்தாச்சு. அதற்காக நாளைக்கும் பயப்பட வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?

சேர்ந்துக்கிட்டோம் என்பார்களா? சொல்லட்டும். ஒலிப்பதிவு இருக்கிறது. அவள் குரல் அதில் இருக்கிறது. தலைக்கு மேல வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

மார்ச் 11, செவ்வாய்

எழுந்தேன். பேசினேன். எப்படி நடந்ததோ அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

நாங்கள் சொந்தமாகப் பேச வேண்டுமானால் ஒரு முறை உண்டு. 'நான்' என்று சொல்லக் கூடாது. அந்த 'நான்' சாட்சியுடையது. 'மொழிபெயர்ப்பாளர் திருத்தம் செய்ய விரும்புகிறார்' என்று மூன்றாம் மனுஷி மாதிரி சொல்ல வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தேன். போன செவ்வாயன்று சாட்சி சொன்னது அந்த ஒரு காலையைப் பற்றி மட்டும். மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த ஆங்கில வார்த்தை அதை எல்லாக் காலத்துக்கும் விரித்துவிட்டது. அதனால் பதிவைத் திருத்த வேண்டும்.

இஸ்திரி குதித்தார். வீடியோ வெளிவந்த பிறகு இப்படி ஒரு திருத்தமா, சாட்சியைக் காப்பாற்ற மொழிபெயர்ப்பாளர் தானே சாட்சி சொல்கிறாரா என்றார். பிறகு, "மரியாதையோடு சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார். மரியாதையோடு என்று ஆரம்பித்தாலே அடுத்து வருவது மரியாதையாக இருக்காது. "வித் ரெஸ்பெக்ட், ஷீ இஸ் நோ எக்ஸ்பர்ட்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாட் ஆன் எக்ஸ்பர்ட் என்றால் ஒத்துக்கொள்கிறேன்" என்றேன். "நோ எக்ஸ்பர்ட் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

தலைவர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன வித்தியாசம்?"

"மேடம், நாட் ஆன் எக்ஸ்பர்ட் என்றால் அந்தப் பட்டம் என்னிடம் இல்லை. உண்மை. இல்லை. நோ எக்ஸ்பர்ட் என்றால் இவளுக்கு என்ன தெரியும் என்று பொருள். முதலாவது என் சான்றிதழைப் பற்றியது. இரண்டாவது என்னைப் பற்றியது. வக்கீல் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார், தெரிந்தேதான். அது அவர் பாஷை. ஒரே 'இல்லை'க்குள் இத்தனை வித்தியாசம் வைக்க அவருக்குத் தெரிகிறது. சாட்சிக்கும் அவள் பாஷையில் தெரியும். அவள் வைத்த வித்தியாசத்தை நான் அழித்துவிட்டேன். அந்த நெவர் என்னுடையது. அவளுடையது இல்லை."

'நான்' என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் மனுஷியை எங்கேயோ தொலைத்துவிட்டேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் குரல் ஆடவில்லை. ஆடவே இல்லை.

இஸ்திரி முகத்தில் முதன்முதலாக ஒரு சுருக்கம் பார்த்தேன். வெகு நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவேன்.

மடிப்புக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தனையும் இங்கிலீஷில் நடந்தது, அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவளே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தை மடிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

ஒலிப்பதிவை வேறொரு மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொல்லட்டும் என்று தலைவர் அம்மா உத்தரவு போட்டார். இப்படிச் செய்வதுதான் நியாயம் என்று சங்கத்துக்காரர் சொன்னதற்கு, "ஐ டோன்ட் டிஸக்ரீ" என்றார். மறுக்கவில்லையாம். ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் வாய் வலிக்குமா இந்த அம்மாவுக்கு?

மார்ச் 12, புதன்

அமைப்பிலிருந்து செய்தி. இந்த வழக்கில் இனி நான் வேண்டாமாம். "வேறு ஏற்பாடு செய்திருக்கிறோம்."

மார்ச் 18, செவ்வாய்

யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்கிற விசாரணைதானே. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். தடுக்க ஒரு விதியும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மீசைக்காரர் வந்திருந்தார். இந்தத் தொழிலில் எனக்கு முன்னாலிருந்து இருப்பவர். யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். கல்யாண வீட்டில் சோறு எப்படி என்றால் 'குறை சொல்ல முடியாது' என்பார். ஒலிப்பதிவைப் போட்டார்கள். ஐயோ, தொடவே இல்லைங்க. அவள் குரல் மறுபடியும் அந்த அறையில் உடைந்தது.

"நெவர் என்பது சரியான மொழிபெயர்ப்பா?" என்று கேட்டார் தலைவர் அம்மா.

"நாட் இன்கரெக்ட்" என்றார் மீசைக்காரர்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். தப்பில்லையாம்! அட வழவழா மனுஷா. ஆளைக் கொன்றுவிட்டு, மூச்சு இருக்கிறதென்று சொல்ல முடியாது என்பார் போலிருக்கிறது.

தலைவர் அம்மா விடவில்லை. "நாட் இன்கரெக்ட் என்றால் எனக்குப் போதாது. இந்தப் பெண் சொன்னது அன்றைய காலையைப் பற்றியா, எல்லா நாளையும் பற்றியா?"

மீசைக்காரர் மீசையைத் தடவினார், கூரையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், நான் முறைத்தேன். பிறகு சொன்னார்: "அன்றைய காலையை மட்டும். எல்லா நாளையும் என்றால் தமிழில் வேறு மாதிரி சொல்வோம். அந்த மாதிரி அவர் சொல்லவில்லை."

நல்லா இருங்க. நேராகவும் உங்களுக்குப் பேச வருகிறதே.

அப்புறம் தலைவர் அம்மா மடிப்புக்காரியிடம் தானே கேட்டார். அன்று தொட்டீர்களா? மற்ற நாட்களில்?

"அன்னைக்குத் தொடவே இல்லைங்க. மத்த நாள்ல தொட்டிருக்கேன். சுத்தம் பண்ணணும்னா அணைச்சிட்டுத்தான் பண்ணணும். வேலை நிறைய இருந்தா, அணைச்சே வையுங்க, அப்பதான் சுருக்கா ஓடும்னு மேற்பார்வையாளர் சொல்லுவாரு. நான் முடியாதுன்னுடுவேன். அவரே வந்து அணைப்பாரு."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலைங்க. தொட்டியா தொட்டியான்னுதானே கேட்டாங்க."

மீசைக்காரர் அதை அப்படியே இங்கிலீஷில் வைத்தார். நோ ஒன் ஆஸ்க்டு. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அமைப்பிலிருந்து மின்னஞ்சல். "வி டோன்ட் ஹாவ் எனி வொர்க் ஃபார் யூ அட் பிரசென்ட்." 'எனி' இருக்கிறது. தற்போது என்கிற 'அட் பிரசென்ட்'டும் இருக்கிறது. கதவை ஒருக்களித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

"வி ஹாவ் நோ வொர்க் ஃபார் யூ." 'எனி' போய்விட்டது, 'அட் பிரசென்ட்'டும் போய்விட்டது. தாழ்ப்பாள் போட்டாச்சு.

இவரிடம் காட்டினேன். "ரெண்டும் வேலை இல்லங்கறதுதானே" என்றார். அப்புறம் இரண்டு மின்னஞ்சலையும் மறுபடி படித்துவிட்டு, "இது கொஞ்சம் திமிரா இருக்கு இல்ல?" என்றார். பதினேழு வருஷக் குடித்தனம் வீண் போகவில்லை.

வருத்தம் இல்லையா? இருக்கு. காலையில் எழுந்தால் போக ஒரு இடம் இல்லை. அந்த மன்றத்தின் படியேறும்போது எனக்கு ஒரு மிடுக்கு இருந்தது. அது போச்சு. ஆனால் திரும்பவும் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னால் திரும்பவும் அதையேதான் பேசுவேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன்.

மே 15, வியாழன்

தீர்ப்பு இன்னும் வரவில்லை. தினமும் மன்றத்தின் வலைப்பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். என் பக்கத்துத் தெரு மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாளே ஒரு தாத்தா. டாக்டர் 'வலிக்கிறதா' என்று கேட்க, "வலின்னு சொல்ல முடியாது" என்கிறார். நான் டாக்டரைப் பார்த்தேன், தாத்தாவைப் பார்த்தேன். "வலிக்கலையா, வலின்னு சொல்ல முடியாதா, எதுங்க?" என்று கேட்டே விட்டேன். குழாயாக இருக்கிற காலம் முடிந்தது. தாத்தா யோசித்து, "ராத்திரியெல்லாம் உயிர் போகுது" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

வந்துவிட்டது.

மருத்துவமனைக் கழிவறையில் நின்று போனில் படித்தேன், வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்க. நீளமான தீர்ப்பு. எனக்கு வேண்டியது ஒரு வரி. அந்த வரியில் 'நாட்' எங்கே நிற்கிறது என்பது.

'வி டூ நாட் ஃபைண்ட் தட் ஷீ டச்டு இட்' என்று இருந்தால், தொட்டாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வேலை திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அந்த சிநேகிதி நம்புவாளா? நிரூபிக்க முடியல, அதான் விட்டுட்டாங்க என்று நினைக்க அதில் ஒரு சந்து இருக்கிறது. ஒருத்தி ஆயுசு முழுக்க அந்தச் சந்தில் நிற்க வேண்டியதுதான்.

விரலால் தள்ளித் தள்ளி வந்தேன். முப்பத்தோராம் பத்தி.

'வி ஃபைண்ட் தட் ஷீ டிட் நாட் டச் த ஸ்விட்ச் தட் மார்னிங்.'

தொடவில்லை என்று கண்டோம். டிட் நாட். சேர்த்து எழுதாமல், பிரித்து, நிறுத்தி. தட் மார்னிங் என்று தேதியோடு. மேற்பார்வையாளர் அணைத்தார் என்பதே நடந்திருக்கக் கூடியது என்று அடுத்த பத்தி. வேலையும் திரும்ப உண்டு.

என்னைப் பற்றி ஒரு வரி: மொழிபெயர்ப்பாளரின் திருத்தத்தைச் சந்தேகிக்கக் காரணம் எதையும் நாங்கள் காணவில்லை. நல்லது என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் வராது. பரவாயில்லை, அவர் பாஷையில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். வெளியே தட்டினவள் "உள்ள ஆள் இருக்கா இல்லையா?" என்றாள். இருக்கேன் என்றேன்.

ஜூன் 28, சனி

இவர் ஓட்டுகிற பஸ்ஸில் சந்தைக்குப் போனேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் என் இடம். மூன்றாவது நிறுத்தத்தில் சலவைக்கூடச் சீருடையில் ஒருத்தி ஏறினாள். பார்த்தேன், அவளேதான். அவளும் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்ப இப்போது ஒரு விதியும் இல்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்கதானே?"

"நான்தான்" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் 'நான்'. எனக்கே சொந்தமானது.

வேலையில் சேர்ந்துவிட்டாளாம். மேற்பார்வையாளர் மாறிவிட்டாராம். சிநேகிதியும் திரும்பியிருக்கிறாள், இப்போது அவளுக்கு எண்ணிக்கை பார்க்கிற வேலை. சங்கத்துக்காரர் அந்த முப்பத்தோராம் பத்தியை யாரையோ விட்டுத் தமிழில் எழுத வைத்துக் கொடுத்தாராம். அதைச் சிநேகிதி கையில் கொடுத்திருக்கிறாள். "படிச்சா. மத்தியானம் டப்பாவத் தொறந்து என் பக்கம் தள்ளினா."

கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. "என் மேல கோவமா?"

அவள் டிக்கெட்டை நாலாய் மடித்தாள். பிரித்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இப்ப கோவமே இல்லக்கா." நிறுத்திவிட்டு, ஓரக்கண்ணால் பார்த்தாள். "கோவப்பட்டதே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் இவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து பிரேக் போட்டார். பிரேக் நன்றாகவே பிடித்தது. அவள் இறங்கிப் போன பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று வீடு வரும்வரை யோசிக்கவே இல்லை.